வடிதாளில் தங்கியவர்கள்

இரசாயன ஆய்வுகூடத்தின் வாசலுக்கு எதிரே, சுவரில், ஒரு நீலப் பலகை தொங்கியது. ஏ.பி. இரசாயனவியல், சித்தி வீதம் 100 என்று அதில் பெரிய வெள்ளை எழுத்தில் இருந்தது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் இரசாயன ஆசிரியர் மெசியு தெலீல் சிறிய ஏணியொன்றைக் கொண்டுவந்து ஏறி, ஆண்டை மட்டும் மாற்றுவார். நூறை அவர் தொட்டதில்லை. தொட வேண்டி வந்ததுமில்லை.

ஏ.பி. என்பது பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே பல்கலைக்கழக மட்டத்தில் எழுதும் ஒரு பரீட்சை. வினாத்தாள் அமெரிக்காவிலிருந்து ஆங்கிலத்தில் வரும். ஐந்துக்குப் புள்ளி போடுவார்கள். மூன்று எடுத்தால் சித்தி. கார்ட்டியர்வில்லில் இருந்த அந்தப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அதற்கென்று ஒரேயொரு வகுப்புத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் பள்ளி முடிந்த பிறகு மெசியு தெலீல் தன் சொந்த நேரத்தைச் செலவழித்து நடத்தும் வகுப்பு.

நிருஷா செப்டெம்பரில் அதில் சேர்ந்தாள். சேரும்படி யாரும் சொல்லவில்லை. பெயர் எழுதும் தாள் கதவில் ஒட்டியிருந்தது. நடைபாதையில் ஆளில்லாத நேரம் பார்த்து, பெயரை எழுதிவிட்டு விறுவிறென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

வகுப்பில் எந்தக் கேள்விக்கும் அவள் ஒருநாளும் கை உயர்த்தவில்லை. விடை தெரியாமல் அல்ல. தனக்கு விடை தெரிந்தால் அதுவே போதும் என்று நினைக்கிற ஆள் அவள். ஆய்வுகூடத்தில் மட்டும் அவள் வேறு. அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் குழாயை மூடுவதில் அவளை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை. அதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை. கை நடுங்காமல் இருந்தால் சரி.

ஜனவரியில் மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். அவளுக்கு நூற்றுக்கு அறுபத்தொன்று. அடுத்த வாரம், பெற்றோரைச் சந்திக்க வேண்டும் என்று வீட்டுக்குத் தகவல் வந்தது.

அப்பா நகுலேஸ்வரனுக்கு லொங்குய்யில் மாலை நேர வேலை. ஆகவே பள்ளிக்கூட விஷயம் எதுவென்றாலும் அம்மாதான் வருவாள். அம்மா ஜெகதீஸ்வரி ஒரு கார்தெரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சமையல் செய்பவள். அன்று அரைநாள் லீவு எடுத்து, மீன் ரோல்ஸ் பொரித்து, பெட்டியில் அடுக்கி, சூடு போகாமல் துவாயால் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது.

"அவர் சாப்பிடுவாரோ தெரியாது அம்மா," என்றாள் நிருஷா.

"மாஸ்டரைப் பாக்க வெறுங்கையோட போறதோ? நீ சும்மா இரு."

மெசியு தெலீல் சாப்பிட்டார். நல்ல மனிதர். முகமெல்லாம் சிரிப்பாக, விரலைத் துடைத்தபடி, அம்மாவுக்கு இருமுறை மெர்சி என்று நன்றி சொன்னார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுப் பிரெஞ்சில் ஆரம்பித்தார். நிருஷா அமைதியான பிள்ளை. கெட்டிக்காரி. ஆனால் வகுப்பில் பங்குபற்றுவதில்லை. பரீட்சையோ ஆங்கிலத்தில், அது அவளுக்கு மூன்றாவது மொழி. அறுபத்தொன்று என்பது ஆபத்தான எல்லை. இந்த வயதில் தோல்வி நம்பிக்கையை உடைத்துவிடும். அவள் வழக்கமான இரசாயனப் பாடத்தோடு நின்றுகொள்வது நல்லது என்பது அவருடைய அபிப்பிராயம். பெற்றோர் என்ன நினைக்கிறார்கள்?

நிருஷாவுக்குக் காது சூடானது. தன்னைப் பற்றியே தான் மொழிபெயர்க்க வேண்டும். இவ்வளவையும் அவள் ஒரு வரியாக்கினாள்.

"நான் அந்தச் சோதினை எழுத வேண்டாமாம் அம்மா. எனக்குக் கஷ்டமாம்."

அம்மா மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைகளை மடியில் கோத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் எந்தத் தாயும் எந்த வாத்தியாருக்கும் சொல்லும் வசனத்தைச் சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியாததோ மாஸ்டர். நீங்கள் சொன்னால் சரி."

நிருஷா அதை ஒரு சொல்லும் பிசகாமல் பிரெஞ்சில் சொன்னாள். மெசியு தெலீல் தலையசைத்தார். விஷயம் முடிந்தது. இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு அவளை நீக்கிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அம்மா வெறும் பெட்டியை மடியில் வைத்திருந்தாள்.

"ஏன் முகத்தை இப்பிடி வச்சுக்கொண்டு வாறாய்? உனக்கு எழுத விருப்பமோ?"

"ம்."

"அப்ப ஏன் அங்க வாயைத் திறக்கேல்ல?"

"நீங்கள் சொன்னதை நான் சொன்னன்."

அம்மா ஆவியைக் கையால் துடைத்து வெளியே பார்த்தாள். "சரி விடு. மாஸ்டர்மார் நல்லதுக்குத்தான் சொல்லுவினம்," என்றாள்.

மறுநாள் மதியம் உணவுக்கூடத்தில் லக்ஷன் வந்து அவளுக்கு எதிரே தட்டை வைத்தான். அவனும் அந்த வகுப்புத்தான். அப்பா அருமைராசா, பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் ஒரு மளிகைக் கடையில் நிற்பவர். லக்ஷன் எதையும் பகிடியாக்கிவிடுவான். பிரெஞ்சில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பது அவன் வழக்கம்.

"உன்னையும் கழட்டியாச்சாம்?"

"உன்னையுமோ?"

"ஓம். அப்பா கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்தவர். மாஸ்டர் அஞ்சு நிமிஷம் பேசினார். அப்பா எழும்பிக் கை குடுத்து, 'நீங்கள் சொன்னால் சரி ஐயா' எண்டிட்டு வந்திட்டார். ஒரு நன்றியும் சொன்னவர், என்னைத் தூக்கி எறிஞ்சதுக்கு."

நிருஷா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதே வசனமோ?"

"எந்த வசனம்?"

"நீங்கள் சொன்னால் சரி."

"எல்லா அப்பாவும் அதைத்தானே சொல்லுறது," என்றான் லக்ஷன். "எங்கட வகுப்பு விட்லினையும் கழட்டியாச்சு. அவளின்ர அம்மா ஆஸ்பத்திரியில வேலை, கூட்டத்துக்கே வரேல்ல. வராட்டி அதுவும் சம்மதம்தானாம்." அவன் ஒரு கிழங்குப் பொரியலை வாயில் போட்டுக்கொண்டான். "வடிகட்டினவர் எங்களை. தெளிஞ்ச தண்ணி கீழ போயிட்டுது. வடிதாளில தங்கின கசடு நாங்கள்."

"சில பரிசோதனையில வடிதாளில தங்கிறதைத்தான் நிறுக்கிறது," என்றாள் நிருஷா.

"என்ன?"

"வீழ்படிவு. அதைத்தான் நிறுத்துப் பாக்கிறது. தண்ணியை ஊத்திவிடுறது."

லக்ஷன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். அவள் ஒரே மூச்சில் அத்தனை சொற்கள் பேசி அவன் கேட்டதில்லை.

அன்று பின்னேரம், பஸ் நிறுத்தத்தில், அக்ஷய்யைக் கண்டாள். அவன் வீட்டார் சென்னையிலிருந்து வந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் இன்ஜினியர்கள். வகுப்பில் அவளுக்குப் பக்கத்து மேசை. மாதிரிப் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் தாளில் ஐம்பத்துநான்கு என்று இருந்ததை அவள் பார்த்திருந்தாள். பார்க்க வேண்டுமென்று பார்க்கவில்லை.

"உனக்கும் கூட்டம் வச்சவரோ?" என்று கேட்டாள். ஒருவரிடம் தானாகப் போய்க் கேள்வி கேட்பது அவளுக்கு இலகுவான காரியமல்ல.

"வச்சார். எனக்கும் வேண்டாம்னுதான் சொன்னார்." அக்ஷய் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டான். "எங்கம்மா விடல. 'எந்த விதியில இருக்கு, காட்டுங்க'ன்னு ஆரம்பிச்சாங்க. அப்புறம் டைரக்டர் ரூமுக்கு, அதான் நம்ம பிரின்சிபால் ரூமுக்குப் போயி ஒரு மணி நேரம். நான் வெளிய உட்கார்ந்து மானம் போச்சுன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

"அப்படியொரு விதி இருக்கோ?"

"இல்ல. அதான் விஷயம். விருப்பப்பட்டவங்க எழுதலாம். அவர் சும்மா அபிப்பிராயம்தான் சொல்றார். நாம சரின்னு சொன்னாத்தான் நீக்க முடியும்."

"எதிர்த்துக் கதைக்கலாம் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"அதை யாரும் சொல்ல மாட்டாங்க," என்றான் அக்ஷய். கொஞ்சம் சங்கடமாக நின்றான். "வேணும்னா எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போறியா? சும்மாவே சண்டைக்கு ஆள் தேடிட்டு இருப்பாங்க."

அவள் சிரித்தாள். பஸ் வந்தது. ஏறி, பின்வரிசையில் உட்கார்ந்து, அறுபத்தொன்றையும் ஐம்பத்துநான்கையும் நினைத்துக்கொண்டு போனாள். புள்ளிகளை வைத்துப் பார்த்தால் இந்த முடிவு வராது. அப்படியென்றால் வேறெதையோ வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள். யாருடைய வீட்டார் சத்தம் போட்டார்கள், யாருடைய வீட்டார் போடவில்லை என்பதை வைத்துப் பார்த்தால், எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

மெசியு தெலீலிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். சொல்லப்போவதை அவள் பிரெஞ்சில் மனப்பாடம் செய்தாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தாள். மூன்று நாள் அவர் அறை வாசல்வரை போனாள். மூன்று நாளும் திரும்பி வந்தாள். கதவைத் தட்டக் கை எழவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை வந்தபோது, ஒன்றும் சொல்லாமல் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

வகுப்பு தொடங்குமுன் போய், பின்வரிசையில், கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்தாள். மெசியு தெலீல் உள்ளே வந்து கண்டதும் நின்றார்.

"நிருஷா, நாங்கள் பேசி முடித்துவிட்டோமே."

"ஓம், மெசியு."

"அப்படியானால்?"

"நான் இருக்கிறேன்."

அவர் காத்திருந்தார். அவள் எழவில்லை. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் கழுத்திலிருந்து நெற்றிவரை சூடு ஏறியது. ஆனால் எழுந்து நடப்பதைவிட உட்கார்ந்திருப்பது இலகுவாகத்தான் இருந்தது. பேசாமல் ஓரிடத்தில் இருப்பது என்பது அவளுக்குப் பிறவியிலேயே வாய்த்த திறமை. இத்தனை நாள் அதைத்தானே குறையென்று சொன்னார்கள்.

கடைசியில் அவர் பெருமூச்சு விட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். பயிற்சித் தாள்களைக் கொடுத்துக்கொண்டு வந்தபோது அவளுடைய மேசையைத் தாண்டிப் போனார். அவளுக்கு முன்வரிசையில் இருந்த அக்ஷய் தன்னுடைய தாளைக் கதிரைக்குப் பின்னால் கையை நீட்டி அவளுடைய மேசையில் வைத்தான். தான் பக்கத்துப் பெண்ணின் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த செவ்வாய் விட்லின் வந்தாள். ஹெய்ட்டிப் பிள்ளை, உயரம். பின்வரிசைக்கு நேரே நடந்து வந்து, பையைத் தொப்பென்று போட்டு, நிருஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும் இருக்கிறேன், மெசியு," என்றாள். அவளுக்குக் கழுத்துச் சூடு ஒன்றும் ஏறியதாகத் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் லக்ஷன். அவன் உட்காருமுன் மெசியு தெலீலைப் பார்த்துத் தலையைக் குனிந்து, "நீங்கள் சொன்னால் சரி ஐயா," என்று தமிழில் சொல்லிவிட்டுச் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தான். விளங்கிய ஒருத்தி நிருஷாதான். சிரிப்பை அடக்குவதற்குள் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

மூன்றாம் செவ்வாய்க்குப் பிறகு பள்ளிக்கூடம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தது. பெற்றோர் டைரக்டரைச் சந்திக்க வர வேண்டும்.

அம்மா அடுப்படியில் நின்று பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். கோபத்தில் மத்துச் சட்டியின் அடியில் இடித்தது.

"மாஸ்டர் எழும்பிப் போ எண்டால் போறதுதானே! என்ன பழக்கம் இது? ஆரிட்டப் பழகினனீ?"

நிருஷா வாசற்கட்டில் நின்றாள். மனப்பாடம் செய்த பிரெஞ்சு வசனங்களெல்லாம் தமிழில் வந்தன, ஒழுங்கில்லாமல். அறுபத்தொன்று, ஐம்பத்துநான்கு, அக்ஷய்யின் அம்மா, ஒரு மணி நேரம், லக்ஷனின் அப்பாவும் அதே வசனம், வராத விட்லினின் அம்மா, அப்படியொரு விதியே இல்லை. சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது.

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"அண்டைக்கு அவர் என்னட்டை அனுமதியோ கேட்டவர்?"

"ஓம்."

"அது கேள்வியெண்டே எனக்குத் தெரியாதடி." அம்மா மத்தைக் கழுவினாள். கழுவியதையே திரும்பவும் கழுவினாள். "வாத்தியாரிட்ட நீங்கள் சொன்னால் சரி எண்டால், என்ர பிள்ளையை உங்களிட்டப் பொறுப்புத் தந்திட்டன் எண்டு அர்த்தம். அதைக் கேட்ட வாத்தியாருக்குப் பிள்ளையில இன்னும் கூடக் கவனம் வரவேணும். பொறுப்பைக் குடுத்தன். அவர் எடுத்து எறிஞ்சிட்டார்."

"நான்தான் விளங்கப்படுத்தியிருக்கவேணும்."

"நீ என்ன செய்வாய். ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டனீ." அம்மா கையைத் துடைத்தாள். "எப்ப வரட்டாம்?"

"வியாழக்கிழமை."

வியாழக்கிழமை அம்மா வெறுங்கையோடு வந்தாள். பெட்டி இல்லை, துவாய் இல்லை. கைப்பையை மட்டும் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு டைரக்டரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஜெகதீஸ்வரி ஓர் ஆசிரியரைப் பார்க்க வெறுங்கையோடு போனது அதுதான் முதல் தடவை. அது எவ்வளவு பெரிய விஷயமென்று அந்த அறையில் நிருஷாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

டைரக்டர் மதாம் பூஷே வேகமாகப் பேசுபவர். மெசியு தெலீல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபத்தைவிட மனவருத்தம்தான் தெரிந்தது.

"வகுப்பை விட்டுப் போகும்படி பலமுறை கேட்டாயிற்று," என்றார் மதாம் பூஷே. "போன கூட்டத்தில் நீங்களும் சம்மதித்திருக்கிறீர்கள்."

நிருஷா மொழிபெயர்த்தாள். இந்த முறை எதையும் சுருக்கவில்லை.

"சொல்லு பிள்ளை," என்றாள் அம்மா. "போனமுறை நான் சொன்னது மரியாதை. சம்மதம் இல்லை."

மெசியு தெலீல் முன்னால் சாய்ந்தார். "ஆனால், மதாம், என்னுடைய விருப்பப்படி செய்யலாம் என்று நீங்களே சொன்னீர்கள்."

"ஓம், சொன்னனான். உங்களை நம்பிச் சொன்னனான். நம்பிக் குடுத்தால் இன்னும் ஒருக்காப் பிள்ளையைத் திரும்பிப் பாப்பீங்கள் எண்டு நினைச்சன்."

அவர் மெதுவாக, "நான் அவளைப் பாதுகாக்கத்தான் பார்த்தேன். தோற்றால் அவளுக்கு வலிக்கும்," என்றார்.

"வலிச்சால் வீட்ட வரட்டும்," என்றாள் அம்மா. "வீட்டில நாங்கள் இருக்கிறம்."

மதாம் பூஷே பேனாவைத் திறந்தார். "தெளிவாகக் கேட்கிறேன். நிருஷா இந்தப் பரீட்சையிலிருந்து விலக உங்களுக்குச் சம்மதமா?"

நிருஷா அம்மாவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மாவே சொன்னாள்.

"நோன்."

கார்தெரியில் நாள் முழுக்க அவள் காதில் விழும் சொல் அது. கரட் வேண்டுமா, நோன். தூங்குகிறாயா, நோன். இரண்டு வயதுப் பிள்ளைகளிடமிருந்து கற்றுக்கொண்டதால், அவர்கள் சொல்லும் விதத்திலேயே சொன்னாள். அதற்கு மேல் பேச்சுக்கு இடமில்லாத மாதிரி.

மதாம் பூஷேயின் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. அவர் மெசியு தெலீலைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார்.

"நல்லது. நிருஷாவின் பெயரை அனுப்புகிறேன். பெயர்களை அனுப்ப நாளைதான் கடைசி நாள்."

அம்மா எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள். "மெர்சி, மதாம்," என்றாள். நிருஷா எழவில்லை.

"எழும்பு பிள்ளை. கிடைச்சிட்டுதெல்லோ."

"இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், மதாம்," என்றாள் நிருஷா பிரெஞ்சில். குரல் நடுங்கியது. நடுங்கினாலும் கேட்டது. "லக்ஷன். விட்லின்."

"அவர்களுடைய பெற்றோர் எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை," என்றார் மெசியு தெலீல்.

"தெரிவிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாமல்தான் இருந்தது." அவள் டைரக்டரைப் பார்த்தே பேசினாள், மெசியு தெலீலைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயம். "என்னைவிடக் குறைவாக எடுத்த ஒருவர் அந்த வகுப்பில் இருக்கிறார். அவருடைய அம்மா இந்த அறையில் வந்து ஒரு மணி நேரம் இருந்தார். அந்த மாணவர் இருக்க வேண்டியவர்தான். அவரை நீக்கச் சொல்லவில்லை."

மதாம் பூஷே பேனாவை மூடினார். அந்த ஒரு மணி நேரம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"நிருஷா," என்றார் மெசியு தெலீல், "அந்தப் பலகை இந்தப் பள்ளிக்கூடத்துக்கு முக்கியம். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சேருகிறார்கள்."

இப்போது அவள் அவரைப் பார்த்தாள்.

"பின்னத்தில் கீழே இருக்கிற எண்ணைக் குறைத்துக்கொண்டே போனால் எப்போதும் நூறு வரும், மெசியு. நீங்கள்தான் அப்படிச் செய்யக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். பிடிக்காத அளவீட்டை அழிக்கக்கூடாது, எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று."

அம்மாவுக்கு வார்த்தைகள் முழுக்கப் பிடிபடவில்லை. ஆனால் அவள் மெல்ல மறுபடி உட்கார்ந்து, கைப்பையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர்கள் இல்லையென்றால்?" என்று கேட்டார் மதாம் பூஷே.

"அவர்கள் இல்லையென்றால் பரீட்சையன்று நானும் வருவேன். எழுத மாட்டேன். அவர்களோடு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். எனக்கு நன்றாக உட்கார்ந்திருக்க வரும்."

சொன்ன பிறகுதான் அதன் பாரம் அவளுக்கு உறைத்தது. செப்டெம்பரிலிருந்து படித்ததெல்லாம் அந்த மேசையில் கிடந்தது. மதாம் பூஷே சரி, அப்படியே இரு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. திரும்ப எடுக்க முடியாது. எடுக்க அவள் விரும்பவுமில்லை.

மதாம் பூஷே தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அவர்களுடைய வீட்டு இலக்கங்கள் வேண்டும்," என்றார் மெசியு தெலீலிடம். "இரண்டு பேருடையதும்."

அடுத்த நாள் காலையில் லக்ஷன் படிக்கட்டில் நின்று நடந்ததைச் சொன்னான்.

"டைரக்டர் அப்பாட்டக் கேட்டவ, உங்கட மகன் எழுதட்டுமோ எண்டு. அப்பா என்ன சொன்னவர் சொல்லு பாப்பம்?"

"இல்லை!"

"ஓம்! 'நீங்கள் சொன்னால் சரி, மதாம்.' அதே வசனம்! ஒரு எழுத்தும் மாத்தேல்ல மனுசன். அந்த வசனத்தாலதான் போனன், அதாலேயே உள்ள வந்தன்." அவன் கையைக் கூப்பினான். "இனி நான் படிக்கவும் வேணுமாம். அதுதான் பிரச்சினை."

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் மெசியு தெலீல் பின்வரிசைக்கும் தாள் கொடுத்தார். முதல் சில வாரம் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். ஏப்ரலில் ஒருநாள் நின்று, நிருஷாவின் கணக்கை மேலிருந்து பார்த்து, ஓரிடத்தில் விரலை வைத்தார். அவள் அதை அழித்துத் திருத்தினாள். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான். அவள் அப்போதும் கை உயர்த்தவில்லை. அதை அவரும் கேட்கவில்லை.

மே மாதம் பரீட்சை வந்தது. வாசலில் மதாம் பூஷே நின்று பெயர் வாசித்தார். வழக்கமாக நிருஷா தன் பெயர் கேட்டால் வாய் திறக்காமல் கையைத் தோள்வரை மட்டும் தூக்கிக் காட்டுவாள். ஆசிரியர்கள் இரண்டாம் முறை வாசிக்க வேண்டியிருக்கும். அன்று மதாம் பூஷே ஒரு முறைதான் வாசித்தார்.

"இருக்கிறேன்," என்றாள் நிருஷா.

முடிவு ஜூலையில் இணையத்தில் வந்தது. விட்லினுக்கு நான்கு. நிருஷாவுக்கு மூன்று. லக்ஷனுக்கு இரண்டு.

அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மூண்டோ? எத்தினைக்கு?"

"அஞ்சுக்கு. மூண்டு சித்தி அம்மா."

"மிச்ச ரெண்டும் எங்க?"

"அம்மா!"

"சும்மா கேட்டனான்," என்றாள் அம்மா. பிறகு அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, உரத்த குரலில், "மூண்டாம்! சோதினை எழுதிச் சித்தியாம்! ஓம், அந்தச் சோதினைதான்! வேண்டாமெண்ட சோதினை!" என்றாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

நவம்பரில் பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் கொடுக்கும் விழா நடந்தது. நிருஷா அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அம்மா பச்சைச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டு வந்திருந்தாள். விழா முடிந்ததும் நிருஷா, லக்ஷன், விட்லின் மூன்று பேரும் ஒருவரையொருவர் கேட்காமலே இரண்டாம் மாடிக்கு ஏறினார்கள். அம்மா பின்னால் மூச்சு வாங்க வந்தாள்.

நீலப் பலகை அதே இடத்தில் இருந்தது. ஆண்டு மாறியிருந்தது. நூறு இருந்த இடத்தில் 94 என்று இருந்தது. அதற்குக் கீழே, முன்பு இல்லாத ஒரு வரி, சிறிய எழுத்தில்: எழுதியவர்கள் 17.

ஆய்வுகூடத்துக்குள்ளிருந்து மெசியு தெலீல் வெளியே வந்தார். கையில் ஏணி இல்லை, குவளையில் கோப்பி. அவர்களைக் கண்டு நின்றார்.

"முன்பு இதைப் பார்க்க அழகாக இருந்தது," என்றார்.

"இப்போது சரியாக இருக்கிறது, மெசியு," என்றாள் நிருஷா.

அவர் பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மறுக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "பொன்சூர், மதாம்," என்று வணக்கம் சொன்னார். அம்மா தலையசைத்தாள். இந்த முறையும் அவளுடைய கையில் பெட்டி இல்லை.

அவர் போனதும் லக்ஷன் பலகைக்குக் கீழே போய் நின்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"அந்த இல்லாத ஆறு வீதமும் நான்தான். முழுக்க முழுக்க நான். இந்தச் சுவரில பேரில்லாமல் நிக்கிற ஒரேயொரு ஆள்."

"வாயை மூடு," என்றாள் விட்லின். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் லக்ஷன் எப்போது பெருமையடிக்கிறான் என்பது தெரியும்.

அம்மா கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் இரண்டடி நகர்ந்து, கையை நீட்டிப் பிடித்தாள். மூன்று பேரும் நெருக்கமாக நின்றார்கள். நிருஷா நடுவில்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ," என்றாள் அம்மா. "நம்பரை மறைக்காதேங்கோ."